சாவிக்கொத்தில் தொங்கிய சக்கரம்

எங்கள் வீட்டில் இரண்டு மிஷின்கள் இருந்தன. ஒன்று என்னுடைய தையல் மிஷின், சோறு போடுவது. இன்னொன்று அத்தான் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய டேப் மிஷின், பேசுவது. இரண்டும் ஒரே அறையில் குடித்தனம். ஒன்று ஓடினால் மற்றது வாயை மூடிக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் மூடிக்கொண்டது என்னுடையதுதான்.

அப்பா அம்மா இருவரும் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அக்காவும் நானும்தான் மிச்சம். அக்கா கல்யாணமான புதிதிலேயே, தாலிக்கயிற்றின் மஞ்சள்கூட மங்காதபோதே, அத்தான் கடல் தாண்டிப் போனார். துறைமுகத்துச் சரக்குக் கிடங்கில் கணக்குப் பார்க்கும் வேலை. குளிர் நாடு. ஒப்பந்தம் முடியாமல் நடுவில் கிளம்பினால் வேலை போய்விடும், மறுபடி சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று எழுதியிருந்தார். அக்கா அதற்கும் தலையாட்டினாள். அவள் எதற்குத்தான் தலையாட்டவில்லை?

அத்தானுக்கு ஒரு கிறுக்கு உண்டு. ரேடியோ, ஸ்பீக்கர், டேப் என்று ஏதாவது கண்ணில் பட்டால் சோறு தண்ணி வேண்டாம். போன இடத்தில் முதலில் வாங்கியது குளிருக்குக் கம்பளிச் சட்டை இல்லை, இரண்டு டேப் மிஷின்கள். அச்சு அசலாக ஒன்றுபோல் இரண்டு. வளையல் ஜோடியாக வாங்குவதுபோல் ஜோடியாக வாங்கி, ஒன்றைத் தன் அறையில் வைத்துக்கொண்டு, இன்னொன்றை ஊருக்குத் திரும்பிய நண்பர் ஒருவரிடம் கொடுத்து அனுப்பினார். அந்த நண்பர் அதை எங்கள் வாசல் வரை தூக்கி வந்து, "இனிமே உங்க வீட்டுக்காரர் எதாவது குடுத்தா ஒரு கைக்குட்டை மாதிரி குடுக்கச் சொல்லுங்கம்மா" என்று சொல்லிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனார்.

பெரிய சாப்பாட்டுத் தட்டு அளவில் இரண்டு சுருள்கள், நடுவில் ஒரு நாடா, கீழே வரிசையாகப் பல் மாதிரி பொத்தான்கள். கூடவே ஒரு கடிதம். அந்தக் கடிதத்தில் அன்பு ஒரு பங்கு, கரண்ட் மூன்று பங்கு. அந்த நாட்டில் கரண்ட் நூற்றுச் சொச்சம் வோல்ட்டாம். நம் வீட்டுச் சுவரில் வருவது அதைப்போல் இரண்டு மடங்காம். நேராகச் சொருகினால் மிஷின் புகைந்து கருகிப்போகும், சொருகியவளுக்கும் உத்தரவாதமில்லை என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார். அதற்காகத் தனியாக ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர். சாம்பல் நிற இரும்புப் பெட்டி. சுவரிலிருந்து வரும் கரண்டை வாங்கிப் பாதியாக்கி மிஷினுக்குக் கொடுப்பது அதன் வேலை.

சொருகியதும் அது "ம்ம்ம்" என்று முனகத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் சூடும் ஏறியது.

"அக்கா, உனக்கு மாமியார் இல்லாத குறையை அத்தான் தீர்த்துட்டாரு. பாரு, எப்பவும் ஒரு முனகல். தொட்டா சூடு. இவங்களைத் தாண்டாம மாப்பிள்ளைகிட்டயும் போக முடியாது" என்றேன்.

அன்றிலிருந்து அந்தப் பெட்டிக்கு மாமியார் என்றே பெயர். "மாமியாரைப் போடு", "மாமியாரை அணை", "மாமியார் மேல துணி போடாதடி, சுட்டுரும்." அத்தானுக்கும் இந்தப் பெயர் போய்ச் சேர்ந்தது. அடுத்த டேப்பில், "உன் மாமியாருக்கு என் நமஸ்காரம்" என்று சொன்னார்.

அந்த டேப்புகளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

முதல் டேப் வந்த அன்று அக்கா தலை சீவி, முகம் கழுவி, புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். மாமியாரைப் போட்டோம். சுருள் சுற்றியது. அத்தான் பேசினார். கிணற்றுக்குள்ளிருந்து யாரோ இழுத்து இழுத்துப் பேசுவதுபோல் இருந்தது.

"என்னம்மா... எப்படி... இருக்கே..."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன்.

"குளிர் ஊர் இல்ல? தொண்டை கட்டியிருக்கும்" என்றேன்.

"தொண்டை கட்டினா கரகரன்னு இருக்கும்டி. இது அப்படி இல்ல. இது... அசந்து போன குரல்."

மிஷின்மேல் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. ஏனென்றால் அக்கா பேசிப் பதிந்து, அதே மிஷினில் திருப்பிக் கேட்டால் அக்கா குரல் அப்படியே இருந்தது. நான் பேசினால் என் குரல். பக்கத்து வீட்டு நாய் குரைத்தால் பக்கத்து வீட்டு நாய். அத்தான் மட்டும் பாவம், பாரம் சுமந்து மலையேறுகிறவர்போல் பேசினார். அவருக்குச் சிரிப்பும் வந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு "ஹோ... ஹோ..." என்று அடிவயிற்றிலிருந்து இழுபட்டு வந்தது. கேலி பேசினால், இழவு வீட்டில் பேசிய கேலி மாதிரி இருந்தது. அக்கா அந்தச் சிரிப்பு வந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டாள்.

"அழறாருடி" என்றாள்.

கல்யாணத்துக்குப் பிறகு கூட இருந்ததே கொஞ்ச காலம். அவர் குரல் எப்படி இருக்கும் என்று அவளுக்கே சரியாக நினைவில் இல்லை, எனக்கு எங்கே இருக்கும்? "டேப்புல யாருக்கும் குரல் கொஞ்சம் மாறும்" என்று ஊரெல்லாம் சொல்வதுதானே.

அக்கா பதில் பேசுவதற்கு ஒரு முறை வைத்திருந்தாள். தலை சீவாமல் பேச மாட்டாள்.

"டேப்புல மூஞ்சி தெரியாதுக்கா."

"தெரியாது. ஆனா சீவாம பேசினா குரல்ல தெரிஞ்சுரும்."

நான் தையலை நிறுத்துவேன். ஜன்னலைச் சாத்துவேன். அவள் மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, "என்னங்க..." என்று ஆரம்பிப்பாள். அவளே சொல்லிக்கொண்ட சட்டம் ஒன்று இருந்தது: அவர் அங்கே நொந்து கிடக்கிறார், இங்கே இருந்து ஒரு சொட்டுக் கவலைகூடப் போகக் கூடாது. டேப்பில் அழுகை கிடையாது, குறை கிடையாது.

அவரிடமிருந்து பதில் வரும். "உன் குரலைக் கேட்டாலே எனக்குத் தெம்பா இருக்குதும்மா. சின்னப் பொண்ணு மாதிரி கலகலன்னு பேசுற. லெட்டர்ல யார் வேணா பொய் எழுதலாம். குரல் பொய் சொல்லாது. அதுக்குத்தான் இந்த மிஷினை வாங்கினேன்." இதையும் அவர் இழுத்து இழுத்துத்தான் சொன்னார்.

அக்கா என்னிடம் பெருமையாகச் சொன்னாள். "பாத்தியா, கலகலன்னு பேசுறேனாம்."

"நீயா? உன்னைவிட நம்ம மாமியார் கலகலன்னு பேசுவாங்க" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அக்கா எப்போதுமே நிதானமாகப் பேசுகிறவள்.

இன்னொரு டேப்பில் அவர் ஒரு விஷயம் சொன்னார். அக்காவுக்கு அனுப்பிய மிஷினின் பெட்டியில் ஒரு சின்னப் பொட்டலம் இருந்ததாம். உள்ளே விரல் நுனி அளவில் ஒரு பித்தளைச் சக்கரம். உபரிச் சாமானாக இருக்கும், வழியில் தொலைந்துவிடும் என்று அதைத் தான் எடுத்து வைத்துக்கொண்டாராம். "நடுவுல ஓட்டை இருக்கு. சாவிக்கொத்துல கோத்துக்கிட்டேன். கிடங்கு பூட்டுறப்போ, திறக்குறப்போ எல்லாம் கையில படும். உன் மிஷினோட ஒரு துண்டு எங்கிட்ட இருக்குன்னு நெனச்சுப்பேன்."

அக்கா இதைக் கேட்டுவிட்டு அன்று முழுக்கச் சிரித்த முகமாக இருந்தாள். நானும், கிறுக்கு மனிதருக்கு இப்படியெல்லாம்கூடத் தோன்றுமா என்று கொஞ்சம் உருகினேன்.

அக்காவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது மாடிப்படியில்தான். துணி காயப்போட மேலே போனவள் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு தண்ணீர்க்குடம் எடுத்தால் மூச்சு வாங்கியது. பிறகு தலை சீவினாலே வாங்கியது. டாக்டர் காதில் மாட்டிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை, பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்ய வேண்டும், செய்தால் பிழைத்துக்கொள்வாள், ஆனால் தள்ளிப்போடக் கூடாது என்றார்.

"அவர் வந்துரட்டும்" என்றாள் அக்கா.

"அவர் வர்ற வரைக்கும் உன் வால்வு வாசல்ல காத்துக்கிட்டு நிக்குமா?"

"அவர் கையைப் பிடிச்சுக்கிட்டுதான் உள்ள போவேன். இல்லன்னா எனக்குப் பயம்டி. ஒப்பந்தம் முடியப்போகுது. கொஞ்சம் பொறுத்துக்கறேன்."

"சரி, அப்ப அவரை இப்பவே வரச் சொல்லு."

"அவரே முடியாம கெடக்காரு. இதைக் கேட்டா விழுந்துருவாரு. அந்தக் குரலைக் கேட்டுட்டும் எப்படிடி உனக்கு மனசு வருது?"

அன்றே அவள் டேப்பில் பேசினாள். நான் பக்கத்திலேயே இருந்தேன். ஒரு வாக்கியம், ஒரு மூச்சு. ஒரு வாக்கியம், ஒரு மூச்சு. "என்னங்க... நான் நல்லா இருக்கேன். லேசா மூச்சு வாங்குது. டாக்டர்கிட்ட காட்டினேன். பெருசா ஒண்ணும் இல்லையாம்..." வார்த்தை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. குரல்தான் நைந்துபோன துணி மாதிரி இருந்தது. இதைக் கேட்டால் கல்லும் புறப்பட்டு வரும், அத்தான் வராமலா போவார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனாலும் எனக்குப் பொறுக்கவில்லை. அக்காவுக்குத் தெரியாமல் ஒரு கடிதம் எழுதினேன். டாக்டர் சொன்னது அத்தனையும் எழுதி, "உடனே கிளம்பி வாங்க அத்தான்" என்று முடித்து, அக்காவின் டேப்போடு டேப்பாகத் தபாலில் போட்டேன்.

பதில் டேப்பில்தான் வந்தது. அக்காவும் நானும் சேர்ந்துதான் கேட்டோம்.

"மிளகா..." என்று ஆரம்பித்தார். என் கோபத்துக்கு அவர் வைத்த பெயர் அது. "உன்... லெட்டர்... படிச்சு... பதறிட்டேன்... அப்புறம்... அக்கா டேப்பைப் போட்டேன்... நல்லா ஓடியாடி வந்து பேசுற மாதிரிதானே இருக்கு... நீ சும்மா பயப்படுற... அவ குரல்லயே தெரியுதே... ஒப்பந்தம் முடிஞ்சதும் ஓடி வந்துடறேன்..."

பதறியவர் பேசும் பேச்சா அது? மத்தியானச் சாப்பாடு முடித்துப் படுத்துக்கொண்டு, கொட்டாவிக்கு நடுவில் பேசியதுபோல் இருந்தது. எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. என் கடிதத்தைக் கிழித்துப் போட்டிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

"கேட்டியா? கேட்டியா உன் புருஷன் பதறுற அழகை? எருமை மாட்டு மேல மழை பேஞ்ச மாதிரி!"

அக்கா என்மேல்தான் பாய்ந்தாள். அவள் குரலை உயர்த்தியதே அந்த ஒரு முறைதான். அதற்கே அவளுக்கு மூச்சு முட்டியது. "யாரைக் கேட்டு லெட்டர் எழுதுன? பாரு, அவர் குரல் இன்னும் கீழ போயிருச்சு. நீதான் அவரை இன்னும் ஒடச்சுட்ட."

ஒரே குரலைத்தான் இரண்டு பேரும் கேட்டோம். எனக்கு அது அக்கறை இல்லாத குரலாகக் கேட்டது. அவளுக்குச் செத்துக்கொண்டிருக்கிற குரலாகக் கேட்டது.

ஒருமுறை தபால் நிலையத்தில் காத்துக் கிடந்து டிரங்க் கால் போட்டேன். கிடங்கில் யாரோ எடுத்து, புரியாத மொழியில் கத்தினார்கள். நானும் கத்தினேன். கடைசியில் அத்தான் வந்தார். "என்ன? கேக்கல!" என்றார். "வாங்க!" என்று அலறினேன். "நல்லா இருக்காளா?" என்றார். கொரகொரவென்று இரைச்சல், பிறகு அதுவும் இல்லை. அலறலில் யார் குரல் யாருடையது என்று எப்படித் தெரியும்?

அத்தானின் ஒப்பந்தம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அக்கா கடைசியாக ஒரு டேப் பேசினாள். என்னை வெளியே போகச் சொல்லிவிட்டுப் பேசினாள். அதைத் தபாலில் போடுவதற்குள் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. அங்கே போய்ச் சேர்ந்தோம், ஆனால் திரும்பி வந்தது நான் மட்டும்தான்.

எல்லாம் முடிந்த பிறகுதான் அத்தான் வந்தார். என் தந்தி கிடைத்தும் உடனே விமானம் கிடைக்கவில்லையாம். அவரிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று முடிவு செய்துவிட்டு, தையல் மிஷினில் துணியே இல்லாமல் வெறும் ஊசியை ஓட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் "மிளகா" என்று குரல் கேட்டது.

வேறு யாரோ என்று நினைத்தேன். மெலிந்த, வேகமான, கொஞ்சம் கீச்சென்ற குரல். திரும்பிப் பார்த்தால் அத்தான். கன்னத்தில் சதை போட்டிருந்தார். கண்கள் மட்டும் அழுது வீங்கியிருந்தன.

பேசக் கூடாது என்ற முடிவு பறந்துவிட்டது. "நல்லாத்தான் இருக்கீங்க" என்றேன். "நல்லா கொழுகொழுன்னு இருக்கீங்க. உங்களுக்கு என்னமோ ஏதோன்னு அவ உருகி உருகிச் செத்தா."

"எனக்கு என்ன? நான் நல்லாத்தானே இருந்தேன்."

"அப்ப எதுக்கு டேப்புல அப்படிப் பேசினீங்க? சாகப்போறவன் மாதிரி?"

அவருக்கு நான் சொல்வது புரியவில்லை. துக்கத்தில் உளறுகிறேன் என்று நினைத்திருப்பார். கதவோரம் அக்கா உட்காரும் இடத்தைப் பார்த்தபடி நின்றார். பிறகு பையைத் திறந்தார். அக்கா அவருக்கு அனுப்பிய டேப்புகள் அத்தனையும் உள்ளே அடுக்கியிருந்தன.

"அவ குரலை ஒரு தடவை கேக்கணும்" என்றார்.

அந்த நிலையிலும் மாமியாரின் வயரைத் தடவிப் பார்த்தார். மிஷினின் தட்டைப் பல் பிளக் சரியான துளையில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். கரண்ட் விஷயத்தில் அவ்வளவு ஜாக்கிரதை. பிறகு பொத்தானை அழுத்தினார்.

"என்னங்க... நான் நல்லா இருக்கேன்... லேசா மூச்சு வாங்குது..."

அத்தான் கையைச் சுட்டுக்கொண்டவர்போல் எழுந்தார். "இது அவ இல்ல."

"யாரு, நானா?"

"இந்த டேப்பை நான் அங்க எத்தனை தடவை கேட்டிருப்பேன்! இவ்வளவு இழுக்காது. குருவி மாதிரி பேசுவா. சமையல்கட்டுலேந்து ஓடி வந்து, மூச்சு வாங்க வாங்க, சந்தோஷமா பேசுவா. மிஷின்ல ஏதோ கோளாறு, மெதுவா ஓடுது."

"மிஷின்ல ஒண்ணும் இல்ல. இதே எடத்துல அவ உக்காந்திருந்தா. இதே எடத்துல நான் நின்னேன். இதுதான் அக்கா. இப்படித்தான் பேசினா." அலமாரியிலிருந்து அவருடைய டேப் ஒன்றை எடுத்து மாட்டினேன். "இப்ப உங்களைக் கேளுங்க."

"மிளகா... உன்... லெட்டர்... படிச்சு... பதறிட்டேன்..."

அவர் தன் குரலையே வாய் திறந்து கேட்டுக்கொண்டு நின்றார்.

"இது நானா?"

"இப்படித்தான் அத்தான் நாங்க கேட்டோம். முதல் டேப்புலேந்து."

என் தையல் மேஜையின் இழுப்பறையிலிருந்து திருப்புளியை எடுத்து, மிஷினின் பின்பக்க மூடியைக் கழற்றினார். மூடியின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. புரியாத எழுத்து. பக்கத்தில் இரண்டு சக்கரங்களின் படம், ஒன்று சின்னது, ஒன்று கொஞ்சம் பெரியது. சின்னதன் கீழே 60 என்று போட்டிருந்தது. பெரியதன் கீழே 50. அவர் அதைப் படித்தார். மறுபடி படித்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வோல்ட்டுக்கு மட்டும் பயந்தேன் மிளகா" என்றார். "கரண்ட்ல இன்னொண்ணு இருக்கு. துடிப்பு. அந்த ஊருல ஒரு செகண்டுக்கு அறுபது துடிப்பு. இங்க அம்பது. ட்ரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், துடிப்பைத் தொடாது. இதுக்குள்ள இருக்கற மோட்டார் துடிப்புக்கு ஏத்த மாதிரிதான் சுத்தும். இங்க வந்ததுலேந்து இது மெதுவாத்தான் ஓடிக்கிட்டு இருக்கு. மெதுவா ஓடற மிஷின்ல அவ பேசினது, அங்க வேகமா ஓடற மிஷின்ல..."

அதற்குமேல் அவரால் சொல்ல முடியவில்லை. சொல்லவும் வேண்டாம், எனக்குப் புரிந்துவிட்டது. அக்காவின் நைந்த குரல் அங்கே போனதும் குருவியாகிவிட்டது. அவர் சிரிப்பு இங்கே வந்ததும் அழுகையாகிவிட்டது.

"அந்தப் பெரிய சக்கரத்தை மாட்டினா இங்கயும் சரியா ஓடியிருக்கும்" என்றார். சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். கிடங்குச் சாவிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருக்க வேண்டும், வளையத்தில் சாவி எதுவும் இல்லை. பித்தளைச் சக்கரம் மட்டும் தொங்கியது. தினமும் விரல் பட்டுப் பட்டு அது பளபளவென்று இருந்தது.

அவரை அடிக்க வேண்டும்போல் இருந்தது. கட்டிக்கொண்டு அழ வேண்டும்போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல், அவர் கீழே போட்டிருந்த திருப்புளியை எடுத்து நீட்டினேன்.

அவரே சின்னச் சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பெரியதை மாட்டினார். தன் டேப்பை மறுபடி ஓடவிட்டார்.

"மிளகா! உன் லெட்டர் படிச்சுப் பதறிட்டேன்! கை காலெல்லாம் ஓடல..." வார்த்தைக்கு வார்த்தை மோதிக்கொண்டு, மூச்சு விடாமல், குரல் உடைந்து உடைந்து அந்த மனிதர் பதறினார். நான் எருமை மாடு என்று திட்டிய மனிதர். இன்னொரு டேப்பைப் போட்டார். "உன் மாமியாருக்கு என் நமஸ்காரம்!" என்று அதில் ஒரு துடுக்குப் பையன் கலகலவென்று சிரித்தான். அக்கா கட்டிக்கொண்டது இவரைத்தான். இவர் குரலை அவள் அந்த மிஷினில் ஒரு நாளும் கேட்கவில்லை.

அப்படியே அக்காவின் டேப்பைப் போட்டார். "என்னங்க! நான் நல்லா இருக்கேன்! லேசா மூச்சு வாங்குது!" என்று துள்ளிக்கொண்டு ஒரு சின்னப் பெண் பேசினாள். அவளை நான் பார்த்ததே இல்லை. ஆனால் என் அக்கா அப்படி இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

"இதைத்தான் நான் கேட்டேன். இதை நம்பித்தான் அங்க உக்காந்திருந்தேன்" என்றார்.

அந்தச் சக்கரம் இருந்தால் அவர் குரல் சரி, அவள் குரல் பொய். எடுத்துவிட்டால் அவள் குரல் சரி, அவர் குரல் பொய். இருவரும் ஒரே நேரத்தில் உண்மையாகப் பேச அந்த மிஷினில் வழியே இல்லை.

அப்போதுதான் அக்காவின் கடைசி டேப் எனக்கு நினைவுக்கு வந்தது. அவள் தலையணைக்குக் கீழே இருந்ததை எடுத்து அலமாரியில் வைத்திருந்தேன். கேட்கத் தைரியம் வரவில்லை. எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "இது உங்களுக்கு. அனுப்ப முடியல."

அதை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய சக்கரம் உள்ளேதான் இருந்தது. அப்படியே பொத்தானை அழுத்தியிருந்தால் குருவி பேசியிருக்கும், கடைசியாக ஒரு முறை. திருப்புளிக்குக் கை நீட்டினார்.

"அவ எப்படிப் பேசினாளோ அப்படியே கேக்கறேன்" என்றார்.

பெரியதைக் கழற்றிச் சாவி வளையத்தில் கோத்தார். சின்னதை மாட்டினார். டேப் ஓடியது. முதலில் மூச்சு மட்டும்தான் கேட்டது. பிறகு அக்கா வந்தாள், எங்கள் அக்கா.

"என்னங்க... அவளை வெளிய அனுப்பிட்டுப் பேசறேன்... போன டேப்புல நீங்க சிரிச்சீங்களே... அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். அது சிரிப்பு இல்ல. எனக்குத் தெரியும். எங்கிட்ட எதுக்கு மறைக்கறீங்க?... உங்களுக்கு அங்க முடியலன்னா எல்லாத்தையும் போட்டுட்டு வந்துருங்க. வேலை போனா போகட்டும்... என்னால முடிஞ்ச வரைக்கும் நான் உங்களைப் பாத்துக்கறேன்... இனிமே நீங்க அழக் கூடாது. சரியா?"

அத்தான் மிஷினுக்குப் பக்கத்தில் குனிந்தார். சுருளுக்குள் அவள் இருப்பதுபோல் வாயை அருகில் கொண்டுபோனார்.

"அது சிரிப்புதான்மா" என்றார். "சத்தியமா சிரிப்புதான்."

டேப் முடிந்து, நாடாவின் வால் தட்டிக்கொண்டே சுற்றியது. மாமியார் முனகிக்கொண்டிருந்தது. அவர் மறுபடியும் அதையே சொன்னார்.